கார் கழுவ இயந்திரமா, கையா? வட சென்னை வியாபாரியின் அனுபவக் கணக்கு



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மளிகைக் கடை வைத்திருக்கும் இளம் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, புதுசா கார் எடுத்திருக்கேன். பிரஷ் சுத்திச் சுத்திக் கழுவுற மெஷின்ல விடலாமா, இல்ல நம்ம கடைப் பையனையே கழுவச் சொல்லலாமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். மெஷினில் விட்டால் பெயிண்ட் போய்விடும் என்றார் ஒருவர். பையன்கள் கழுவினால்தான் கோடு விழும் என்றார் இன்னொருவர். நான் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். காரணம், நான் இரண்டு வழியிலும் நஷ்டப்பட்டவன். அந்த நஷ்டக் கணக்கை எழுத்தில் வைத்தால் மற்றவர்களுக்காவது லாபமாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நமக்கு வண்டி என்பது அந்தஸ்துக்கு மட்டும் அல்ல. தராசும் கல்லாவும் போல அதுவும் ஒரு தொழில் கருவி. காலையில் சரக்கு ஏற்றி, மாலையில் வசூலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதும் அதே வண்டியில்தான். அதைக் கழுவுவதில் செய்யும் தவறு உடனே தெரியாது. வண்டியை விற்கப் போகும் அன்றுதான் தெரியும்.

நம் பகுதித் தூசியின் குணம்

முதலில் நம் வண்டிமேல் படிவது என்ன என்று பார்ப்போம். வியாசர்பாடிக்குக் கிழக்கே துறைமுகம், வடக்கே மணலி, அதற்கும் அப்பால் எண்ணூர். இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள் ஓடும் வட்டாரம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில், ராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி கறுத்துப் போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011 அக்டோபர் முதல் அந்தச் சரக்குகள் அங்கே நிறுத்தப்பட்டன. ஆனால் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. எண்ணூரில் இருந்த பழைய அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது என்றாலும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள் உள்ளன.

அனல் மின் நிலையச் சாம்பலைக் கையில் எடுத்தால் முகப் பவுடர் போல மென்மையாகத் தெரியும். உண்மையில் அது உருகி உறைந்த கண்ணாடி மணிகள் போன்றது. மணலில் இருக்கும் சிலிக்காதான் அதிலும் பெரும்பகுதி. லாரிச் சக்கரம் கிளப்பும் சாலை மணல் அதைவிடக் கடினமானது. இதோடு கடல் காற்று கொண்டுவரும் உப்பு சேர்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். திறந்து வைத்த உப்பு மூட்டை மழைக்காலத்தில் கசிவதை நாம் தினமும் பார்க்கிறோம். வண்டியின் மடிப்புகளிலும் நடப்பது அதுதான்.

இப்போதைய கார்களில் வண்ணத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதைக் கிளியர் கோட் என்பார்கள். அதன் கனம் சுமார் 40 மைக்ரான். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். முடியைவிட மெல்லிய அந்தப் பூச்சுதான் காரின் பளபளப்பு முழுவதையும் தாங்கி நிற்கிறது. அதன்மேல் மணலை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கை செய்த தவறு

2012-ல் நான் முதன்முதலாகப் புதுக் கார் வாங்கினேன். அதுவரை பழைய வண்டிகள்தான். புதுக் கார் கடை வாசலில் எப்போதும் மின்ன வேண்டும் என்று ஆசை. கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போடுவதற்கு முன்பே பையன் பனியன் வேஸ்ட் துணியால் காரைத் துடைத்துவிட வேண்டும் என்பது என் கட்டளை. தண்ணீர்த் தட்டுப்பாடு என்பதால் வறண்ட துணியாலேயே துடைக்கச் சொன்னேன். பையனும் ஒரு நாள் தவறாமல் துடைத்தான்.

ஒரு வருடம் கழித்து ஒரு நாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன். பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பையனைத் திட்டிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை.

புதுப்பேட்டையில் பெயிண்ட் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, காஞ்ச தூசி மேல துணி போட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ பையன் மேல குத்தம் இல்ல. துணி மேலயும் குத்தம் இல்ல. தூசிய எறக்காம தேய்ச்சதுதான் குத்தம்" என்றார்.

தேய்க்கச் சொன்னவன் நான். திட்டு வாங்கியவன் அவன். பாலிஷ் போட்டதில் கோடுகள் பாதி மறைந்தன. பாலிஷ் என்பதும் அந்த மெல்லிய பூச்சையே கொஞ்சம் தேய்த்து எடுக்கும் வேலைதான், அடிக்கடி செய்ய முடியாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பையனிடம் நான் வருத்தம் தெரிவித்தேன். ஆனால் எல்லோர் முன்னிலையிலும் திட்டியவன், தனியாக அழைத்து வருத்தம் தெரிவித்தது சரியான கணக்கு ஆகாது என்பது இன்றும் உறுத்துகிறது.

இயந்திரம் செய்த தவறு

அதற்குப் பிறகு கை வேலையே வேண்டாம் என்று முடிவு செய்து, சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போடும் மூடிய சிறு வேனை மாதம் ஒரு முறை இயந்திரக் கழுவலுக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்து வண்டி புதுசு போல வெளியே வரும். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

2021 நவம்பரில் சென்னையில் கனமழை பெய்தது நினைவிருக்கும். அந்த வாரம் தேங்கிய தண்ணீரில் வேன் போய் வந்தது. கடையில் இறக்கும்போது அடி வரிசை உளுந்து மூட்டைகள் நனைந்திருந்தன. கூரையில் ஒழுகல் இல்லை. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், அடித் தகடு துருப்பிடித்து இரண்டு இடங்களில் ஓட்டை. சக்கரம் அடித்த தண்ணீர் அதன் வழியாக உள்ளே வந்திருக்கிறது. வெளிப்பக்கம் பளபளப்பு, கீழே சல்லடை.

நான் எடுத்திருந்த அந்தச் சாதாரணக் கழுவலில் வண்டியின் அடிப்பாகம் சேரவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குத் தனிக் கட்டணம். நனைந்த உளுந்தைத் திரும்ப எடுத்து, வாடிக்கையாளருக்கு வேறு மூட்டை கொடுத்து, வேனுக்கு டிங்கரிங் செய்து முடித்தபோது, பல மாதம் கழுவிய செலவைவிட அது அதிகமாகிவிட்டது. உணவுப் பொருள் ஏற்றும் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலும் உள்ளது. சரக்கு நனைந்தால் நம் பெயரும் சேர்ந்தே நனைகிறது.

இயந்திரங்களின் வகை

இயந்திரக் கழுவல் புதிதல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1914-லேயே கார் சலவைக் கூடம் தொடங்கப்பட்டது. அன்று காரை ஆட்கள் தள்ளிக்கொண்டே போவார்கள். ஒருவர் சோப்புப் போட, அடுத்தவர் அலசுவார். பிறகு காரை இழுத்துச் செல்லும் சங்கிலியும், சுழலும் பிரஷும் வந்தன. இன்று நாம் பார்க்கும் இயந்திரங்கள் மூன்று வகை.

முதல் வகையில் கார் நிற்கும். பிரஷ் பொருத்திய வளைவு முன்னும் பின்னும் நகர்ந்து கழுவும். இரண்டாவது, கார் மெதுவாக ஒரு குகைக்குள் இழுத்துச் செல்லப்படும். மூன்றாவது வகையில் பிரஷே கிடையாது. நுரையும் அழுத்தமான தண்ணீரும் மட்டும்தான்.

பிரஷ் இல்லாத வகையில் தேய்ப்பு இல்லை என்பதால் கோடு விழும் பயம் குறைவு. ஆனால் ஒட்டிய அழுக்கை மருந்தின் வீரியத்தால்தான் எடுக்க வேண்டும். மெல்லிய படலம் மிச்சமிருக்கும். பிரஷ் உள்ள வகையில் அழுக்கு நன்றாகப் போகும். ஆனால் அந்த பிரஷ் இதற்கு முன் எந்த வண்டியைத் தொட்டது என்பதே கேள்வி. பழைய பிரஷ்கள் கரடுமுரடான நைலான் இழைகள். இப்போது பல இயந்திரங்களில் மென்மையான நுரைப் பட்டைகளும் துணிப் பட்டைகளும் உள்ளன. எதுவாக இருந்தாலும் முன் வண்டியின் மணல் அதில் தங்கியிருந்தால் அது உப்புத்தாள்தான்.

ஆகவே இயந்திரத்தில் விடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. பிரஷ் தொடுவதற்கு முன் அழுத்தத் தண்ணீரால் மண்ணை இறக்குகிறீர்களா? இல்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

2. பட்டைகள் எதனால் ஆனவை, எப்போது மாற்றினீர்கள்?

3. கழுவிய தண்ணீரையே திரும்பப் பயன்படுத்தினால் அதை வடிகட்டுகிறீர்களா?

4. அடிப்பாகக் கழுவல் இந்தக் கட்டணத்தில் சேர்ந்ததா?

நம் பக்கத்து வேலையும் உண்டு. ஏரியலைக் கழற்றி, பக்கக் கண்ணாடிகளை மடக்கி, வைப்பரை அணைத்துவிட வேண்டும். மழை பட்டால் தானே இயங்கும் வைப்பர் உள்ள காரில் இது மிக முக்கியம். கூரைமேல் கேரியர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தார்ப்பாய் வளைவு கட்டிய குட்டி யானை, லோடு ஆட்டோ போன்றவற்றை பிரஷ் இயந்திரத்தில் விடவே கூடாது.

கையால் கழுவும் முறை

கை வேலை தானாகவே பாதுகாப்பானது என்ற நினைப்பும் தவறு. தெருவோர வாட்டர் வாஷ் கடையில் ஒரே வாளி, ஒரே துணி, காலையிலிருந்து பதினைந்து வண்டி என்றால், அதற்கும் மோசமான பிரஷுக்கும் வித்தியாசம் இல்லை. முறையாகச் செய்தால் மட்டுமே கை வேலை உயர்ந்தது.

அரிசி களையும் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லும் உமியும் போக முதலில் தண்ணீர் விட்டு அலசுவோம், பிறகுதான் கை வைப்போம். காருக்கும் அதேதான்.

நிழலில், எஞ்சின் சூடு ஆறிய பிறகு தொடங்க வேண்டும். வெயிலில் சோப்பு காய்ந்து திட்டாகிவிடும். முதலில் துணியே படாமல், மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பு வாளியில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். கூரை முதலில், சக்கரங்கள் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி வண்டிமேல் வைக்கக் கூடாது. முடிவில் சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நம் கடையிலேயே விற்கும் துணி சோப்புத் தூளையும் பாத்திர சோப்பையும் காருக்குப் போடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. காரின்மேல் போட்டிருக்கும் மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ அடிக்கும் வழக்கம் நம் பக்கம் இருந்தது. அது ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கும், மண்ணையும் ஒட்ட வைக்கும். துருத் தடுப்புப் பூச்சு என்று தனியாகவே இருக்கிறது.

அழுத்தப் பம்பு வைத்துக் கழுவினால் ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவர், ரேடியேட்டர் தகடுகள், கதவு ரப்பர், எஞ்சினில் உள்ள மின் இணைப்புகள் ஆகியவற்றில் நேரடியாக அடிக்கக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததும், எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளும் அந்த எண்ணெய் புகுந்ததும் நாம் அறிந்ததே. அப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற வண்டியை எடுத்தவுடன் இயந்திரத்தில் விடவும் கூடாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவும் கூடாது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, சேற்றை இறக்கி, ஷாம்பு நுரையை ஊற வைத்துப் பலமுறை கையால் அலசுவதுதான் வழி.

எந்தத் தண்ணீர்?

இதைப் பலரும் யோசிப்பதில்லை. நம் பகுதியில் பல போர்களில் வருவது உவர் தண்ணீர். அதனால் கழுவிக் காய விட்டால் வெள்ளைத் திட்டு விழும். உப்பைப் போக்கக் கழுவுகிறோம் என்று உப்புத் தண்ணீரையே ஊற்றுவதில் பயன் இல்லை. வேறு வழியில்லாமல் போர்த் தண்ணீரில் கழுவினாலும், கடைசி அலசல் ஒரு வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும். உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். மழைநீரைச் சேமித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது. கண்ணாடி துடைக்க நல்லது. ஆனால் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு கூடுதலாக இருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வேண்டாம்.

அளவும் முக்கியம். ஒரு 10 லிட்டர் வாளியை ஹோஸ் பைப்பின் கீழே வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், அரை மணி நேரம் பைப்பைத் திறந்து விட்டுக் கழுவும்போது 300 லிட்டர் போகிறது. வாளியால் கழுவினால் ஆறு, ஏழு வாளி போதும். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரைக் கொண்டு வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவே போட்டார்கள். நம் பக்கத்துக் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் 2019-ல் தொடங்கப்பட்டது. பெரிய ஆலைகளே அப்படிச் சிக்கனம் பார்க்கும்போது, நாம் பைப்பைத் திறந்து விட்டுக் கழுவுவது அழகல்ல. இந்த ஒரு விஷயத்தில், தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நல்ல இயந்திரம் நம் ஹோஸ் பைப்பைவிட மேல்.

"நிர்வாகம் பொறுப்பல்ல"

கழுவும் இடங்களில் இந்தப் போர்டைப் பார்த்திருப்பீர்கள். போர்டு எழுதி மாட்டிவிட்டால் பொறுப்பு போய்விடுமா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு, ஒருவர் ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பது போல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. டெல்லியில் ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து ஒப்படைத்த கார் திருட்டுப் போன வழக்கில், உரிமையாளர் பொறுப்பு என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும் தன் கவனக்குறைவுக்கு ஓட்டல் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் கழுவும் இயந்திரம் ஒரு காரின் பின்பக்க ஸ்பாய்லரைப் பிய்த்துவிட்ட வழக்கில், போர்டு இருந்தும் இயந்திரக்காரர்தான் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் முடிவு செய்தது. காரோடு கம்பெனியிலிருந்தே வந்த பாகம் அது, அந்த வண்டி தன் இயந்திரத்துக்கு ஏற்றதா என்று பார்ப்பது இயந்திரக்காரரின் வேலை என்பதே அதன் சாரம்.

ஆனால் சட்டம் சாட்சியைக் கேட்கும். உள்ளே விடும் முன் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். ரசீது வாங்குங்கள். சேதம் இருந்தால் அந்த இடத்தை விட்டு வெளியேறும் முன் எழுத்தில் கொடுங்கள். சொந்தக் காருக்கு நுகர்வோர் ஆணையம் போகலாம். சரக்கு வண்டிக்குப் போனால் வணிக நோக்கம் என்று ஆட்சேபம் வர வாய்ப்பு உண்டு என்பதால், அதற்கு ரசீதும் எழுத்தும் இன்னும் அவசியம்.

ஆக, என் முடிவு

சொந்தக் காருக்கு நான் கை வேலையையே வைத்துக்கொண்டேன். வறண்ட துடைப்பு அறவே கிடையாது. வாரம் ஒரு முறை, தண்ணீர் விட்டு மண் இறக்கி, இரண்டு வாளி முறையில் கழுவுகிறோம். நாளுக்கு நாள் பளபளப்பு வேண்டாம் என்று மனதைப் பழக்கிக்கொண்டேன். சரக்கு வேனை மாதம் ஒரு முறை அடிப்பாகம் கழுவும் வசதியுள்ள இடத்தில், லிஃப்டில் ஏற்றிக் கழுவச் சொல்கிறேன். மழைக்காலத்தில் இரண்டு முறை. கழுவி முடிந்ததும் நானே குனிந்து கீழே பார்க்கிறேன். உள் தரை விரிப்பைத் தூக்கிக் காய வைத்த பிறகே மூட்டை ஏற்றுகிறோம்.

கூட்டத்தில் கேட்ட நண்பருக்குப் பதில் இதுதான்: தம்பி, இயந்திரத்தையும் நம்ப வேண்டாம், கையையும் நம்ப வேண்டாம். தேய்ப்பதற்கு முன் தூசி இறங்கியதா, ஊற்றிய தண்ணீர் நல்ல தண்ணீரா, அடிப்பாகம் கழுவினார்களா என்று மூன்றைப் பாருங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் எதில் வேண்டுமானாலும் விடலாம். சரக்கு வாங்கும்போது மூட்டையின் தையலைப் பார்த்து நாம் ஏமாறுவதில்லை. குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். வண்டிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. காரைக் கழுவும் பையனுக்கு நல்ல துணியும் இரண்டு வாளியும் வாங்கிக் கொடுத்து, முறையை ஒரு நாள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். அதைச் செய்யாமல் கோடு விழுந்த பிறகு அவனைத் திட்டுவது, தராசைச் சரிபார்க்காமல் எடை குறைந்ததற்குக் கடைப் பையனைத் திட்டுவது போலத்தான். அன்று என்னிடம் திட்டு வாங்கிய பையன் இன்று எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பக்கம் சொந்தமாக வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கிறான். என் வேனை லிஃப்டில் ஏற்றிக் கழுவுவதும் அவன்தான். அங்கே எத்தனை வாளி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். வண்டிக்கு இரண்டு.

வாழ்க வணிகர் ஒற்றுமை!